அந்நியர் அல்லாதார்

1942ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அமெரிக்க நாட்டின் மேற்குக் கரை நகரங்களிலே, தந்திக் கம்பங்களிலும் கடைச் சுவர்களிலும் அரசாங்க அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. ஜப்பானிய வம்சாவழியினர் அனைவரும், அந்நியராயினும் சரி, அந்நியர் அல்லாதாராயினும் சரி, குறித்த நாளில் குறித்த இடத்திற்குக் கையில் சுமக்கத்தக்க மூட்டைகளுடன் வந்து சேர வேண்டும் என்பது அதன் சாரம்.

‘அந்நியர் அல்லாதார்’ என்றால் யார்? அம்மண்ணிலே பிறந்து, அந்நாட்டு அரசியல் சட்டத்தின்படியே குடியுரிமை பெற்றவர். அவருக்குக் ‘குடிமகன்’ என்னும் நேரான பெயர் இருக்கிறது. அப்பெயரை அறிவிப்பில் எழுதியிருந்தால், குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் ஒரு குடிமகனை எப்படி அடைத்து வைக்கலாம் என்ற வினா படிப்பவர் உள்ளத்தில் உடனே எழுந்திருக்கும். ஆகவே எதிர்மறைச் சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து அப்பெயரை மூடினர். மாணவர்களுக்கு அரபு இலக்கணமும் பலாகத் என்னும் அணியியலும் கற்பித்துக் காலங்கழித்து வரும் நமக்கு, இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் முதலில் உறுத்துவது இச்சொல்லே. இதனோடு வேறு சில சொற்களும் வந்தன. வெள்ளத்திலிருந்தும் நெருப்பிலிருந்தும் மக்களைக் காப்பாற்றுவதற்கு வழங்கும் ‘அப்புறப்படுத்தல்’ என்னும் சொல்லால், வீட்டை விட்டுத் துரத்துவது குறிக்கப்பட்டது. குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களுக்குக் ‘கூடுமிடம்’ என்று பெயர். முள்வேலிக்கும் துப்பாக்கிக் கோபுரத்துக்கும் நடுவிலிருந்த முகாமுக்கு ‘இடமாற்று மையம்’ என்று பெயர்.

இம்மக்கள் யாவர் என்பதைச் சுருங்கக் கூறிவிடுவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர்க் கலிபோர்னியாவின் பண்ணைகளுக்கும், ரயில் பாதை வேலைக்கும், மீன்பிடித் துறைகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். கடல் கடந்து வந்த முதல் தலைமுறையை ‘இஸ்ஸெய்’ என்றும், அங்கே பிறந்த பிள்ளைகளை ‘நிஸெய்’ என்றும் அவர்கள் வழங்குவர். இஸ்ஸெய்களுக்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடையாது. வெள்ளையர்க்கே குடியுரிமை வழங்கலாம் என்று 1790இல் இயற்றிய சட்டம், பின்னாளில் ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்துக்கொண்டதே அன்றி ஆசியரைச் சேர்க்கவில்லை. தகாவோ ஒசாவா என்பவர் இதை எதிர்த்து வழக்காடினார். வெள்ளையர் என்பது தோலின் நிறமன்று, காகசிய இனமே என்று கூறி, 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. மூன்று மாதங் கழித்து நம் நாட்டுப் பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திந்து என்னும் சீக்கியரின் வழக்கு வந்தது. இனநூலார் கூற்றுப்படி இந்தியரும் காகசியரே என்றார் அவர். அப்பொழுது அதே நீதிமன்றம், இனநூலார் கூற்று வேண்டுவதில்லை, சாமானிய மனிதன் எவனை வெள்ளையன் என்று கருதுகிறானோ அவனே வெள்ளையன் என்று தீர்ப்பளித்தது. ஜப்பானியருக்கு ஒரு கதவு, இந்தியருக்கு இன்னொரு கதவு; இரண்டும் சாத்தியே இருந்தன. குடியுரிமைக்குத் தகுதியற்றவன் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913இலேயே சட்டம் செய்திருந்தது. 1924இல் ஜப்பானியர் வருகையே அடைபட்டது. 1952 வரையில் இஸ்ஸெய்களுக்குக் குடியுரிமை கிட்டவில்லை.

ஈண்டு வாசகர்களில் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். ஜப்பானியரைப் பற்றியா இத்தனை இரக்கம் என்று கேட்கக் கூடும். கேட்பதில் நியாயமுண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்பது இன்றும் வழங்கும் சொல்தான். செல்லாக் காசாகிப் போன வாழைமர நோட்டுகளைப் பெட்டியில் வைத்திருந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மடிந்தனர். அக்கொடுமைகளை மறைக்க நமக்கு மனமில்லை. ஆனால் அதைச் செய்தது ஜப்பானியப் பேரரசின் படை. கலிபோர்னியாவில் முட்டைக்கோசு பயிரிட்டவரும், அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படையைக் கண்ணாலும் கண்டதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஜப்பானியக் குடிகளை ஆங்கிலேயர் பிடித்துவந்து டெல்லிப் பழைய கோட்டையில் அடைத்து வைத்ததும், பின்னர் ராஜஸ்தானத்துத் தேவ்லிக்கு மாற்றியதும், அதே தேவ்லியில் 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு நம் நாட்டில் வாழ்ந்துவந்த சீன வம்சத்தார் ஏறக்குறைய 3,000 பேரை நம் அரசே அடைத்து வைத்ததும் நம்மில் பலர் அறியாத செய்திகள். இவ்வியாதி ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அன்றிரவே கைதுகள் தொடங்கின. பட்டியல் முன்பே தயாராக இருந்தது. அதில் இருந்தவர்கள் யாரென்று பார்த்தால், பௌத்த மடத்துக் குருமார், ஜப்பானிய மொழி கற்பித்த ஆசிரியர், பத்திரிகை ஆசிரியர், சங்கத் தலைவர், மீனவர். மதத்தைப் போதிப்பவனும் தாய்மொழி கற்பிப்பவனும் எங்கும் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது நமக்குத் தெரியாத செய்தியன்று. இக்கைதுகளுக்கு ஆதாரமாக எடுத்த சட்டம் 1798ஆம் ஆண்டினது: போர்க்காலத்தில் பகை நாட்டாரைப் பிடித்து வைக்க அதிபருக்கு அதிகாரம் தரும் ‘பகையந்நியர் சட்டம்’. இச்சட்டத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னர் மீண்டும் வரும்.

குடிமக்களான நிஸெய்களை இச்சட்டத்தால் தொட முடியாது. ஆகவே 1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண் கொண்ட ஆணையில் கையொப்பமிட்டார். திந்து வழக்கின் தீர்ப்பும் 1923இல் இதே பிப்ரவரி 19இல்தான் வந்தது. ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. இராணுவத் தளபதி விரும்பிய பகுதியிலிருந்து ‘எவரையும்’ விலக்கலாம் என்று மட்டும் அது கூறியது. மேற்குக் கரைத் தளபதி டீவிட் அந்த ‘எவரையும்’ என்பதற்குப் பொருள் கண்டார். இதுவரையில் ஜப்பானியர் யாதொரு நாசவேலையும் செய்யாததே, இனிமேல் செய்யப் போகிறார்கள் என்பதற்கு அடையாளம் என்று அவர் அரசுக்கு எழுதினார். மன்திக் என்னும் தர்க்க நூலின் முதற்பாடத்தை ஓதும் மாணவனும் இதைக் கேட்டுச் சிரிப்பான். ஆயின் இத்தர்க்கத்தின் பேரில் 1,20,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களில் மூன்றில் இருவர் பிறப்பால் குடிமக்கள். இது பாதுகாப்புக்காகச் செய்ததே என்று வாதிப்போர்க்கு ஹவாய் ஒன்றே விடை. தாக்குண்ட தீவு அது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சத்தார். அங்கே ஒரு சிலரைப் பிடித்தனரே தவிர அனைவரையும் அகற்றவில்லை. அகற்றினால் துறைமுகமும் தோட்டமும் நின்றுபோகும். மேற்குக் கரையிலோ அவர்களுடைய நிலங்கள்மீது கண் வைத்திருந்த விவசாயச் சங்கத்தார் இருந்தனர்.

முகாம்கள் பத்து. அவற்றுள் மான்ஸனார் கலிபோர்னியாவின் பனிமலைத் தொடருக்குக் கீழே, மணற்காற்று ஓயாத பள்ளத்தாக்கில் இருந்தது. அப்பெயருக்கு ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள்! தார்க்காகிதம் போர்த்திய பலகைக் கொட்டகைகளில் 10,000 பேர். சுவரின் இடுக்கு வழியே புகுந்த மணல் தட்டிலும் படுக்கையிலும் படிந்தது. கழிப்பிடத்தில் தடுப்பு இல்லாமையால், நாணம் மிக்க பெண்கள் நள்ளிரவு வரை காத்திருந்தனர். 1942 டிசம்பரில் நிகழ்ந்த கலவரத்தில் காவலர் சுட்டு இருவர் மாண்டனர்.

1943இல் முகாம்களில் இருந்தோர்க்கு ஒரு வினாத்தாள் கொடுத்தனர். அதில் 27ஆம் வினா படையில் சேரச் சம்மதமா என்பது. 28ஆம் வினா, அமெரிக்காவுக்கு விசுவாசம் பூண்டு ஜப்பான் சக்கரவர்த்திக்குக் கீழ்ப்படிதலைத் துறக்கிறாயா என்பது. நிஸெய் ‘ஆம்’ என்றால் முன்பு சக்கரவர்த்திக்குக் கீழ்ப்படிந்திருந்ததை ஒப்புக்கொண்டவனாகிறான். குடியுரிமை மறுக்கப்பட்ட இஸ்ஸெய் ‘ஆம்’ என்றால் எந்த நாட்டுக்கும் உரியவனாகாமல் போகிறான். ஒரே கொட்டகையில் தகப்பன் ஒரு விடையும் மகன் வேறு விடையும் எழுதிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. ‘இல்லை, இல்லை’ என்று எழுதியவர்களை டூலி லேக் முகாமுக்குத் தள்ளினர். ‘ஆம்’ என்றவர்களில் பல்லாயிரவர் படையில் சேர்ந்தனர். அவர்களது 442ஆவது படைப்பிரிவு, அதன் அளவுக்கும் பணிக்காலத்துக்கும் அமெரிக்க வரலாற்றிலேயே மிகுதியான விருதுகள் பெற்றது. ஹார்ட் மவுண்டன் முகாமிலோ, எங்கள் பெற்றோரை விடுவியுங்கள், பிறகு வருகிறோம் என்று கூறிப் படையில் சேர மறுத்த 63 இளைஞர்கள் 1944இல் சிறை சென்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே அச்சமூகத்தில் மூண்ட கசப்பு பல ஆண்டுகள் ஆறவில்லை. யார் உண்மையான வீரர் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. அவ்வினாவை அவர்கள்மீது சுமத்தியவர்களே அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள்.

இவற்றினும் நம்மை அதிகம் வருத்தும் கதை பெரு நாட்டு ஜப்பானியருடையது. போரில் ஜப்பான் வசம் சிக்கிய அமெரிக்கரை மீட்க மாற்றாகக் கொடுப்பதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து 2,200க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சத்தாரை அமெரிக்கா பிடித்துக் கப்பலேற்றியது. அவர்களில் ஏறக்குறைய 1,800 பேர் பெருவிலிருந்து வந்தவர்கள். தையற்காரர், முடிதிருத்துபவர், மளிகைக்கடைக்காரர், அவர்தம் மனைவி மக்கள். அமெரிக்கக் கரை சேருமுன்னே அவர்களது கடவுச்சீட்டுகளும் ஆவணங்களும் பறிக்கப்பட்டன. கரையில் இறங்கியதும், ஆவணமின்றி இந்நாட்டினுள் நுழைந்த குற்றத்திற்காக உங்களைக் காவலில் வைக்கிறோம் என்றனர்! துப்பாக்கி முனையில் கொண்டுவந்தவனே, ‘நீ ஏன் வந்தாய்?’ என்று கேட்கிறான். டெக்சாஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் சிட்டி என்னும் குடும்ப முகாமில் அவர்களில் பலர் அடைபட்டனர். நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு மாற்றாக அனுப்பப்பட்டனர். போர் முடிந்த பின் பெரு பெரும்பாலோரைத் திரும்ப ஏற்க மறுத்தது. எஞ்சியோரையும் ‘சட்டவிரோதமாக நுழைந்தவர்’ என்று ஜப்பானுக்கு நாடுகடத்த முயன்றபோது, வேய்ன் காலின்ஸ் என்னும் வழக்கறிஞர் குறுக்கே நின்று, சில நூறு பேரையாவது அங்கேயே தங்கச் செய்தார்.

போர் முடிந்தது. முகாமை விட்டு வெளியேறியவர்க்கு ஒரு ரயில் சீட்டும் 25 டாலரும் கொடுத்தனர். ஜப்பானிய அமெரிக்கர் எவர்மீதும் உளவு, நாசவேலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டதில்லை. ஆயினும் வெட்கப்பட்டவர்கள் குற்றமற்ற இம்மக்களே. பிள்ளைகள் கேட்டாலும் பெற்றோர் ‘முகாமில் இருந்தபோது’ என்று தொடங்கி நிறுத்திவிடுவர். வளர்ந்த பிள்ளைகள் அதை ஏதோ கோடை விடுமுறை முகாம் என்று எண்ணிக்கொண்டிருந்தனர்.

அம்மௌனம் உடைந்தது 1969 டிசம்பரில். ஏறத்தாழ நூற்றைம்பது பேர், பெரும்பாலும் இளைஞர், கடுங்குளிரில் மான்ஸனாருக்குச் சென்றனர். முகாம் போய்விட்டது, இடுகாடும், 1943இல் உள்ளிருந்தோரே எழுப்பிய வெண்ணிறத் தூணும் மிஞ்சியிருந்தன. இறந்தோர் ஆன்மாவுக்கு ஆறுதல் தரும் கோபுரம் என்பது அத்தூணின் பெயர். மையவாடியைத் துப்புரவு செய்து, இறந்தோரை நினைந்து திரும்பினர். நம் வழக்கில் ஜியாரத் என்போமே, அதனோடு ஒப்பிடத்தக்கது அப்பயணம். அதிலிருந்து ஆண்டுதோறும் அது நிகழ்ந்து வரலாயிற்று. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சூ குனிதோமி எம்ப்ரி என்னும் ஆசிரியை, இளம் பெண்ணாக அங்கே அடைபட்டிருந்தவர். 1980இல் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1981இல் 750க்கும் மேற்பட்டோர் அதன்முன் சாட்சி கூறினர். நாற்பதாண்டுக் காலம் வாய் திறவாத முதியோர் அழுதுகொண்டே பேசினர். இனவெறுப்பு, போர்ப் பதற்றம், அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றே காரணங்கள் என்று குழு முடிவு கூறியது. 1944இல் ஃபிரெட் கொரெமாட்ஸு என்னும் நிஸெய்க்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அரசுத் தரப்பு உண்மைகளை மறைத்திருந்ததைக் காட்டும் ஆவணங்களும் வெளிவந்தன. அவற்றின் பேரில் 1983இல் அவர்மீதிருந்த குற்றத் தீர்ப்பு நீக்கப்பட்டது. 1988 ஆகஸ்ட் 10இல் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட சட்டம் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கியது. 82,000க்கும் மேற்பட்டோர் பெற்றனர். பெருவியர்க்கோ அதில் பங்கில்லை: பிடித்துவரப்பட்ட காலத்தில் நீங்கள் சட்டப்படி குடியேறியவர்கள் அல்லர் என்பது காரணம்! பறித்தவன் கையிலிருந்த ஆவணம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவர்களை விடவில்லை. வழக்காடி 1998இல் அவர்கள் பெற்றது தலைக்கு 5,000 டாலர்.

1942இல் இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் சிலரே. குவேக்கர் சபையார் இருந்தனர். கொலராடோ ஆளுநர் ரால்ஃப் கார் இருந்தார். ரால்ஃப் லாசோ என்னும் பதினாறு, பதினேழு வயது மாணவன் ஒருவன் இருந்தான். மெக்சிக்க, ஐரிஷ் வழியில் வந்த அவன், தன் ஜப்பானியத் தோழர்களைப் பிரிய மனமின்றித் தானாகவே மான்ஸனாருக்குச் சென்று அவர்களுடன் அடைபட்டிருந்தான். இத்தனை குறைவாகவே துணை வந்தார்கள் என்னும் நினைவு, அச்சமூகத்தாரைப் பிற்காலத்தில் ஒரு வழியில் செலுத்தியது.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்களும் அரபியரும் தெருவில் நடக்க அஞ்சிய நாட்களில் நிகழ்ந்ததை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் நார்மன் மினேட்டா. பத்து வயதில் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டபோது, அவர் கையிலிருந்த பேஸ்பால் மட்டையை ஆயுதம் என்று காவலர் பறித்துக்கொண்டனர். ஹார்ட் மவுண்டனில் வளர்ந்த அவர், விமான நிலையங்களில் இனத்தையும் மதத்தையும் பார்த்துச் சோதிப்பதற்கு இடங்கொடுக்கவில்லை. நார்முக்கு நேர்ந்தது இனி எவர்க்கும் நேரக் கூடாது என்று அதிபர் புஷ்ஷே அமைச்சரவையில் கூற நேர்ந்தது. முதுமையெய்திய கொரெமாட்ஸு, குவான்டனாமோவில் விசாரணையின்றி அடைபட்ட முஸ்லிம் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் தம் பெயரால் மனு அளித்தார், 2005இல் காலமானார். மான்ஸனார்ப் பயணத்திலே முஸ்லிம்களும் பேருந்துகளில் வந்து கலந்துகொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. அவ்வெண்ணிறத் தூணின் அருகே மணல்வெளியில் தொழுகை நடந்தது.

2018இல் முஸ்லிம்கள் மிகுந்த சில நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்த ஆணை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, கொரெமாட்ஸு, ஹிராபயாஷி, யாசுயி ஆகிய மூவரின் பிள்ளைகள் அதனை எதிர்த்து மனுச் செய்தனர். 1944இல் கொரெமாட்ஸுவுக்கு எதிராக வந்த தீர்ப்பு அன்றே தவறானது என்று தலைமை நீதிபதி அப்போது எழுதினார். அதே ஏட்டில் அத்தடையாணையையும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிலைநிறுத்தினார். பழைய தீர்ப்புக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அதன் வாரிசுக்கு வீட்டைக் கொடுத்தது போன்றது இது. அவ்வாணை 2021இல் நீக்கப்பட்டது. 2025இல் வேறோர் ஆணை வந்தது.

கொடுமையை அனுபவித்த சமூகங்கள் பல, தம் வடுவைக் காட்டிச் சலுகை கேட்பதோடு நின்றுவிடுவதை நாம் காண்கிறோம். இம்முதியவர்கள் அவ்விதம் நிற்கவில்லை. 2019 மார்ச்சில் கிரிஸ்டல் சிட்டிக்குப் பயணம் வந்தவர்கள், அங்கிருந்து அதே டெக்சாஸில் உள்ள டில்லி என்னும் ஊருக்குச் சென்றனர். மத்திய அமெரிக்காவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தாய்மாரும் குழந்தைகளும் அங்கே காவலில் இருந்தனர். பல்லாயிரம் காகிதக் கொக்குகளை மடித்துக் கோத்து அவ்வேலியில் தொங்கவிட்டனர். கொக்கை அவர்கள் மொழியில் ‘ட்சுரு’ என்பர். அப்பெயராலேயே ஓர் இயக்கமும் எழுந்தது. டூலி லேக் முகாமில் பிறந்த சட்சுகி இனா என்னும் மனநல அறிஞர் அதனைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவ்வாண்டு ஜூனில் ஒக்லஹோமாவிலுள்ள சில் கோட்டையில், பெற்றோர் துணையற்ற 1,400 குழந்தைகளை வைக்க அரசு திட்டமிட்டது. 1942இல் எழுநூறு இஸ்ஸெய்களைக் காவலில் வைத்த கோட்டை அது. வேலியேற முயன்ற ஒருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் முன்னர் அபாச்சி என்னும் பூர்வகுடியினரைச் சிறை வைத்திருந்ததும் அங்கேதான். எழுபது எண்பது வயதுக் கிழவர்களும் கிழவிகளும் கோட்டை வாயிலில் நின்றனர். கலைந்து போங்கள் என்று இராணுவக் காவலர் அதட்டியபோதும் தங்கள் கதையைச் சொல்லி முடித்தே அகன்றனர். அடுத்த மாதம் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்களால் மட்டும் நின்றது என்று நாம் சொல்ல மாட்டோம். அவர்கள் நின்றார்கள் என்பது போதும்.

முன்னர்க் குறித்த 1798ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அதனை மீண்டும் கையிலெடுத்தார். வெனிசுவேலா நாட்டார் சிலரைக் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று கூறி, நீதிபதியின் முன் மறுக்க வாய்ப்பளிக்காமலே, நூற்றுக்கும் மேற்பட்டோரை இச்சட்டத்தின்கீழ் எல் சால்வடோர் நாட்டுச் சிறைக்கு விமானத்தில் அனுப்பினர். போர் ஏதும் இல்லாத காலத்தில் அச்சட்டம் எடுக்கப்பட்டது இதுவே முதல் முறை. இவ்வாறு எவரையும் அனுப்புமுன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், நீதிமன்றத்தை அணுக இடந்தர வேண்டும் என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜப்பானிய அமெரிக்கச் சங்கத்தார் இதை எதிர்த்துப் பேசியவர்களில் முன்வரிசையில் நின்றனர். அவர்களுடைய பாட்டன்மார் பிடிபட்டது இச்சட்டத்தால்தானே!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. முகாம்களில் அடைபட்ட ஒவ்வொருவர் பெயரையும் தேடித் திரட்டிய ஒரு பெரும் புத்தகம் 2022இல் அங்கே வைக்கப்பட்டது. டங்கன் ரியூகன் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய துணைவரும் திரட்டிய அப்பெயர்கள் 1,25,284. அதுவரை அரசிடம் கூட முழுமையான பட்டியல் இருந்ததில்லை. முகாம் வாரியாக அன்றி, வயது வரிசையில், மூத்தோர் முதலாகப் பிறந்த குழந்தை ஈறாக அவை அச்சிடப்பட்டுள்ளன. அங்கே வந்தவர்கள் தம் உறவினர் பெயரின்கீழ்ச் சிறு முத்திரைப் புள்ளி ஒன்றை ஒற்றினர். பெயர் பிழையாயிருந்தால் திருத்தச் சொன்னார்கள். ‘அந்நியர் அல்லாதார்’ என்ற சொல்லுக்கு அப்புத்தகத்தில் இடமில்லை. தகப்பன் இட்ட பெயரே நிற்கிறது.

அவ்வருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் முன்னர்ப் பௌத்த மடமாக இருந்தது. 1942இல் அதன் வாயிலில்தான் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் முகாமுக்குச் செல்லும் பேருந்துகளில் ஏறின. 2025 ஆகஸ்ட் 14ஆம் நாள், உள்ளே மாநில ஆளுநர் பேசிக்கொண்டிருந்தபோது, முகமூடியும் ஆயுதமும் தரித்த எல்லைக் காவற்படையினர் பலர் அம்முற்றத்தின் முன் வந்து நின்றனர். அருகே பழம் விற்பனைக்காகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்துச் சென்றனர்.